மறைத்துச் சொன்னதைப் பெயர் சொல்லி அழைப்பது எப்படி? உவமை முதல் குறியீடு வரை

எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு சாயங்காலம். உறவில் ஒரு பையனுக்குப் பெண் பார்த்துவிட்டுச் சித்தப்பா அப்போதுதான் வந்து உட்கார்ந்தார். "அந்த வீட்டு நெலவரம் எப்படிப்பா?" என்று அப்பாயி கேட்டார். சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அடுப்புல பூனை தூங்குது ஆத்தா" என்றார். அவ்வளவுதான். அப்பாயி மறுபேச்சுப் பேசாமல் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவத் தொடங்கினார்.

எனக்கு அப்போது பத்து வயது. அந்தப் பூனை என்ன நிறம் என்று கேட்க நினைத்தேன். அடுப்பு எரிந்தால் பூனை அதில் படுக்காது, அது படுத்திருக்கிறது என்றால் அங்கே உலை ஏறவில்லை என்பது பல வருடம் கழித்துத்தான் உறைத்தது. 'ஏழை' என்ற சொல்லே அந்தப் பேச்சில் வரவில்லை. பிறகு புறநானூற்றின் 164ஆம் பாட்டைப் படித்தேன். பெருந்தலைச் சாத்தனார் தன் வறுமையைக் குமணனிடம் சொல்லும்போது, சமைப்பதையே மறந்த அடுப்பில் காளான் பூத்திருப்பதைக் காட்டுகிறார். சித்தப்பாவின் பூனையும் புலவரின் காளானும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு வரியில் ஏதோ மறைந்திருக்கிறது என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிகிறது. ஆனால் அது என்ன என்று எழுதச் சொன்னால், "கவிஞர் அழகாகக் கூறியுள்ளார்" என்று முடித்துவிடுகிறார்கள். உணர்ந்ததற்குப் பெயர் தெரியாததுதான் காரணம். நம் மொழியில் அந்தப் பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. அணி இலக்கண நூலான தண்டியலங்காரத்தின் பொருளணியியல் மட்டுமே 35 அணிகளைச் சொல்கிறது. அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்: சொல்ல வந்தது எவ்வளவு ஆழத்தில் மறைந்திருக்கிறது? ஆற்றில் இறங்குகிறவர் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று பார்த்துப் பார்த்து இறங்குவாரே, அதே போல மேலே தெரிவதிலிருந்து தொடங்குவோம்.

முதல் படி: நேர்ப்பொருளை எழுதுங்கள்

அணியின் பெயரைத் தேடுவதற்கு முன்னால், அந்த வரி சொல்லும் செய்தியைச் சாதாரணப் பேச்சில் ஒரு வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். 'அந்தக் குடும்பம் வறுமையில் இருக்கிறது.' இது நேர்ப்பொருள். வரியில் இருக்கும் சொற்களைப் பக்கத்தில் வையுங்கள்: அடுப்பு, பூனை, தூக்கம். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் நாம் பெயர் வைக்கப் போகும் இடம். இடைவெளியே இல்லாவிட்டால் அது வெளிப்படை. இருந்தால் குறிப்பு. இந்த இரண்டு சொற்களும் நன்னூல் காலத்திலிருந்தே புழக்கத்தில் இருப்பவை. இன்றைய திறனாய்விலும் அப்படியே பயன்படுத்தலாம்.

இரண்டாம் படி: உருபு கண்ணில் படுகிறதா?

'போல' என்ற சொல் வந்தால் எல்லாருக்கும் தெரியும், அது உவமை. ஆனால் பெயரோடு நின்றுவிடக் கூடாது. அதைப் பிரித்துக் காட்ட நான்கு சொற்கள் வேண்டும். "வெள்ளம் போல ஓடி வந்தான்" என்றால் வெள்ளம் உவமானம் (உவமை என்றும் சொல்வார்கள்), அவன் உவமேயம் (பொருள்), 'போல' உவம உருபு, வேகம் பொதுத்தன்மை. பிள்ளைகள் விட்டுவிடுவது கடைசியைத்தான். பொதுத்தன்மையைச் சொல்லாத விளக்கம் பாதி விளக்கம்தான்.

அந்தப் பொதுத்தன்மை எந்த வழியில் வருகிறது என்பதைத் தொல்காப்பியர் உவமவியலின் முதல் நூற்பாவிலேயே நான்காகப் பிரித்துவிட்டார்: வினை, பயன், மெய், உரு. மெய் என்றால் வடிவம், உரு என்றால் நிறம். நம் ஊர் வயலை வைத்தே சொல்கிறேன். "புதுத்தண்ணி போலப் பாய்ந்து வந்தான்" என்பது வினை. "கடைமடைக்கு வந்த தண்ணி போல அந்தப் பணம் உதவியது" என்பது பயன் (கடைமடை என்றால் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் வயல்). "முற்றிய கதிர் போல வளைந்த முதுகு" மெய். "நாற்று போன்ற பச்சைப் புடவை" உரு.

நாம் வாழும் பகுதியின் பெயரே ஒரு மெய் உவமைதான். கிரேக்க எழுத்துகளில் நான்காவதான டெல்டா முக்கோணமாக இருக்கும். நைல் நதியின் கழிமுக நிலம் அந்த வடிவில் இருந்ததால் கிரேக்கர்கள் அதற்கு அந்த எழுத்தின் பெயரையே வைத்தார்கள். பிறகு உலகத்தில் ஆறு விரிந்து கடலில் சேரும் இடங்களுக்கெல்லாம் அதுவே பெயரானது. உவமையின் பெயர் பொருளுக்கே ஆகிவந்தால் அதை உவமையாகுபெயர் என்போம். "நம்ம டெல்டாவில் இந்த வருஷம் குறுவை எப்படி?" என்று கேட்கும் ஒவ்வொருவரும் ஒரு உவமையாகுபெயரைப் பேசிக்கொண்டிருக்கிறார்.

உருபு என்றால் 'போல' மட்டும் இல்லை. இலக்கியத்தில் அன்ன, ஒப்ப, உறழ, மான, கடுப்ப, புரைய என்று பல உண்டு. பேச்சில் மாதிரி, கணக்கா, ஆட்டம் வரும். "மாடாட்டம் உழைக்கிறான்" என்பதில் 'ஆட்டம்' உவம உருபுதான். கதையோ வட்டார வழக்கோ படிக்கும்போது இவற்றைத் தவறவிடாதீர்கள்.

மூன்றாம் படி: உருபு இல்லை, ஆனால் இரண்டு பொருளும் இருக்கின்றன

முழங்கால் ஆழம் இங்கே தொடங்குகிறது. அதிகமாகக் குழம்புவதும் இங்கேதான். 'மலர்முகம்' என்றால் மலர் போன்ற முகம், உருபு மறைந்து நிற்கிறது, ஆகவே உவமைத்தொகை. 'முகமலர்' என்று திருப்பிப் போட்டால் முகமே மலர், இது உருவகம். உவமை இரண்டையும் பக்கத்தில் நிறுத்துகிறது. உருவகம் இரண்டும் ஒன்றே என்கிறது. 'போன்ற' போட்டுப் பாருங்கள், 'ஆகிய' போட்டுப் பாருங்கள், எது பொருந்துகிறதோ அதுதான் விடை.

வரிசையை மட்டும் நம்பினால் சில இடங்களில் ஏமாந்துபோவோம். 'கயற்கண்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால் கயல்மீன் போன்ற கண், உவமைத்தொகை. இதே சொல் சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் காவிரியைப் பார்த்து வருகிறது. வண்டுகள் ஆர்க்க, பூக்களை ஆடையாகப் போர்த்துக்கொண்டு, கருங்கயற்கண் விழித்து அசைந்து நடக்கிறாள் காவிரி. ஆற்றுக்கு ஏது கண்? அதில் துள்ளும் கயல்தான் அவள் கண். 'போன்ற' இங்கே நிற்காது, 'ஆகிய' தான் நிற்கும். ஒரே சொல், ஒரே வரிசை, ஆனால் ஆற்றைப் பாடும்போது உருவகமாகிவிடுகிறது. அதனால் சொல்லை மட்டும் பார்க்காமல், யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

கானல்வரியில் இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும். மறைபொருளை வாசிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குத் தெரியாது. புகார்க் கடற்கரையில் கோவலன் யாழை வாங்கிப் பாடுகிறான்: உன் சோழன் கங்கையைச் சேர்ந்தாலும் நீ ஊட மாட்டாய், காவிரியே, அதுதான் பெண்ணின் கற்பு. மேலோட்டமாக அது ஆற்றைப் பற்றிய பாட்டு. பக்கத்தில் இருந்த மாதவிக்கோ அதில் ஒரு குறிப்பு இருப்பதாகப் படுகிறது, இவன் மனத்தில் வேறொருத்தி இருக்கிறாள் என்று. மகிழ்ந்தவள் போல யாழை வாங்கி அவளும் பாடுகிறாள். நீ இப்படி நடப்பதெல்லாம் உன் கணவனின் செங்கோல் வளையாததால்தான், காவிரியே. தானும் வேறொரு குறிப்பு உடையவள் போலப் பாடுகிறாள். கோவலன் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறான். அங்கிருந்துதான் கதை மதுரையை நோக்கித் திரும்புகிறது. இளங்கோவடிகள் அந்த இடத்தில் பயன்படுத்தும் சொல் 'குறிப்பு'. நாம் தேடுகிற கலைச்சொல்லே பாத்திரத்தின் மனத்துக்குள் வேலை செய்கிறது.

உருவகத்தை முடிக்கும் முன் ஒரு சின்ன விஷயம். உழவர் பேச்சில் உருவகம் தேய்ந்து தேய்ந்து சாதாரணச் சொல்லாகக் கிடக்கும். பயிர் தூர் கட்டுகிறது, சூல் பிடிக்கிறது, தொண்டைக்கதிரில் நிற்கிறது, பால் பிடிக்கிறது. நெல்லை வயிற்றுப் பிள்ளைக்காரியாகப் பார்த்த கண் அது. இன்று யாரும் அதை அணி என்று நினைத்துச் சொல்வதில்லை. தலைமடை, ஆற்றின் முகத்துவாரம் எல்லாம் இதே வகைதான். இவற்றை 'வழக்கில் ஊறிய உருவகம்' என்று குறிப்பிடலாம். கவிஞர் ஒருவர் இதைத் தூசி தட்டி எடுத்து மறுபடி உயிர் கொடுத்திருந்தால், அதைக் கவனித்து எழுதுங்கள்.

நான்காம் படி: ஒன்றின் பெயர் இன்னொன்றுக்கு

"ஊரே ஆற்றங்கரையில் திரண்டது." ஊர் நடக்காது, ஊர் மக்கள் நடந்தார்கள். ஒப்புமை எதுவும் இல்லை, தொடர்பு மட்டும் இருக்கிறது. இது ஆகுபெயர். உருவகத்தோடு இதைக் குழப்பாமல் இருக்க ஒரே கேள்வி: இரண்டும் ஒன்றைப்போல் ஒன்று இருக்கின்றனவா, அல்லது ஒன்றோடொன்று ஒட்டி இருக்கின்றனவா? ஒட்டி இருந்தால் ஆகுபெயர். ஊர் என்பது இடவாகுபெயர். "குறுவை அறுத்தாச்சு" என்பதில் பருவத்தின் பெயர் பயிருக்கு வருகிறது, காலவாகுபெயர். "நடவுக்குத் தலைக்கு இவ்வளவு கூலி" என்றால் தலை ஆளைக் குறிக்கிறது, சினையாகுபெயர். வகைகளை நன்னூலில் விரிவாகப் பார்த்துக்கொள்ளலாம். வாசிப்புக்கு இந்த அளவு போதும்.

ஐந்தாம் படி: சொல்ல வந்தது வரியிலேயே இல்லை

இப்போது இடுப்பளவு. உவமானம் மட்டும் இருக்கிறது, பொருளைக் காணவில்லை. மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்கிறது குறள் 475. வலியறிதல் அதிகாரத்தில் வண்டிக்கு என்ன வேலை? பகைவர் எளியவராக இருந்தாலும் பலர் சேர்ந்தால் அரசன் தாங்க மாட்டான் என்பதுதான் கருத்து. அதைச் சொல்லவே இல்லை. இதற்குப் பெயர் பிறிது மொழிதல். தண்டியலங்காரம் ஒட்டணி என்கிறது. நம் பழமொழிகளில் பாதி இந்த வகைதான். "ஆழம் தெரியாம காலை விடாதே" என்று ஒருவர் சொல்லும்போது பக்கத்தில் ஆறு இருக்க வேண்டும் என்பதில்லை.

இதைவிட நுட்பமானது உள்ளுறை. பிறிது மொழிதலில் உவமானம் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். உள்ளுறையிலோ அது இயற்கை வருணனை போலவே அமைதியாகக் கிடக்கும். தெய்வம் தவிர்த்த கருப்பொருளை வைத்து, அதாவது அந்தந்த நிலத்து மரம், மீன், பறவை, தொழிலை வைத்துக் கட்டுவது என்று தொல்காப்பியம் சொல்கிறது. மருத நிலத்து ஆட்களான நமக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம், ஏனென்றால் அந்தக் கருப்பொருள் எல்லாம் இன்னும் கண் முன்னால் இருக்கிறது.

குறுந்தொகையின் 8ஆம் பாட்டு, ஆலங்குடி வங்கனார் பாடியது. பேசுகிறவள் பரத்தை, அதாவது மனைவி இருக்கும்போதே தலைவன் நாடிப் போன பெண். அந்தத் தலைவனை எப்படிச் சொல்கிறாள் என்றால், வயலோரத்து மாமரத்தில் பழுத்துத் தானாக உதிரும் பழத்தை, பழனத்து வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊரைச் சேர்ந்தவன். படித்தால் வெறும் ஊர் வருணனை. ஆனால் பாருங்கள்: பழம் தானாக விழுகிறது, வாளை மரத்தில் ஏறிப் பறிக்கவில்லை. நான் அவனைத் தேடிப் போகவில்லை, அவனே வந்து விழுந்தான் என்கிறாள். அந்த வீட்டுக்காரி இவளைப் பழித்ததற்கு இது பதில். அதே பாட்டில் அடுத்து ஒரு வெளிப்படையான உவமையும் உண்டு. நம் வீட்டில் பெரிய பேச்சுப் பேசுகிறவன், தன் வீட்டுக்குப் போனால் நாம் கையைக் காலைத் தூக்கினால் தானும் தூக்கும் கண்ணாடிப் பாவை போல, மனைவி விரும்புவதையே செய்கிறானாம். ஆறே வரியில் ஒரு உள்ளுறையும் ஒரு உவமையும்! குத்த வேண்டியதை உவமையாக வெளியே வைத்தாள், தன் மானத்தை உள்ளுறையாக உள்ளே வைத்தாள். இந்தப் பாட்டை நமக்கு உரையோடு 1937இல் பதிப்பித்துத் தந்த உ.வே.சா., இதே கும்பகோணத்துக் கல்லூரியில் 1880இல் தமிழாசிரியராகச் சேர்ந்தவர் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

உள்ளுறையோடு சேர்த்துச் சொல்லப்படுவது இறைச்சி. உள்ளுறையில் இதற்கு இது என்று ஈடு காட்டலாம். இறைச்சியில் அப்படிப் பொருத்திப் பார்க்க வேண்டியதில்லை. காட்சியே ஒரு குறிப்பைக் கசியவிடும். குறுந்தொகையின் 37ஆம் பாட்டில், தலைவன் பிரிந்து போன வழியில் ஆண்யானை தன் பிடியின் பசியைத் தீர்க்க யாமரத்தின் பட்டையை உரித்துக் கொடுக்கிறது என்று தலைவியிடம் தோழி சொல்கிறாள். அதைப் பார்க்கிறவனுக்கு உன் நினைவு வராமலா போகும், வந்துவிடுவான், என்ற ஆறுதல் அதில் கசிகிறது.

ஆறாம் படி: காரணத்தை ஏற்றிச் சொன்னால்

இது சுருக்கமாகவே முடியும். இயல்பாக நடப்பதன் மீது கவிஞர் தன் காரணத்தை ஏற்றினால் தற்குறிப்பேற்றம். கதிர் முற்றினால் சாயும், அது இயல்பு. "வளர்த்த சேற்றைக் கும்பிடத்தான் கதிர் குனிந்தது" என்றால் ஏற்றம். காரணம் இல்லாமல் மனிதச் செயலை மட்டும் கொடுத்தால், "காற்று கிசுகிசுத்தது" என்பது போல, அதை மனிதப்பண்பேற்றம் என்று சொல்லுங்கள்.

ஏழாம் படி: பொருள் காட்சியிலேயே இருந்து, அதற்கு மேலும் சொன்னால்

புதுக்கவிதை, சிறுகதை பக்கம் வந்தால் இரண்டு சொற்களை எல்லாரும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள்: படிமம், குறியீடு.

படிமம் என்றால் சிலை என்றே பழைய பொருள். சுவாமிமலைப் பட்டறைகளில் அது உருவாவதைப் பார்த்தால் இந்தக் கலைச்சொல் தானாகப் புரியும். முதலில் மெழுகில் உருவம் செய்வார்கள். அதன் மேல் காவிரி வண்டல் மண்ணை அப்பிக் காயவைத்துச் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியே போய்விடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். கவிதையிலும் கவிஞர் கண்டது உருகிப் போய், அதன் வடிவம் மட்டும் சொல்லில் நிற்கிறது. வாசிக்கிறவர் மனத்தில் அது மறுபடி உருவாகிறது. கண்ணுக்கோ காதுக்கோ மூக்குக்கோ நேராகப் புலப்படும்படி சொல்லப்பட்டதுதான் படிமம். அது வேறொன்றைக் குறிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

குறியீடு வேறொன்றைக் குறித்தே ஆக வேண்டும். உருவகத்தோடு இதைக் குழப்பாமல் இருக்க நான் சொல்லிக்கொடுக்கும் சோதனை: அந்தப் பொருள் காட்சியில் நிஜமாக இருக்கிறதா? 'முகமலர்' என்னும்போது அங்கே மலர் இல்லை. ஒரு மாணவி எழுதிய கதையில், நிலத்தை விற்ற அப்பா கலப்பையை மட்டும் விற்காமல் கொட்டகைச் சுவரில் சாத்தி வைத்திருப்பார். வெள்ளிக்கிழமை தோறும் அதற்குப் பொட்டு வைப்பார். கலப்பை நிஜமாகவே அங்கே இருக்கிறது, அதற்கு மேலும் இருக்கிறது. அதுதான் குறியீடு. எதைக் குறிக்கிறது என்று ஒரே சொல்லில் அடைத்துவிடவும் முடியாது. இழப்பு, பிடிவாதம், மரியாதை, மூன்றும் இருக்கின்றன.

ஊர் முழுவதும் ஒப்புக்கொண்ட குறியீடுகளும் உண்டு. ஆடிப்பெருக்கன்று படித்துறையில் ஆற்றுக்கு விடும் காதோலை, கருகமணி, மஞ்சள் எல்லாம் காவிரியைப் பெண்ணாக, சூல்கொண்ட தாயாகக் கருதி வைப்பவை. இவற்றை வழக்குக் குறியீடு என்றும், கதாசிரியர் தானாக உருவாக்கியதைப் படைப்புக் குறியீடு என்றும் பிரித்து எழுதினால் விளக்கம் தெளிவாகும்.

எட்டாம் படி: எந்தத் தொனியில் மறைக்கிறார்கள்?

பெயர் கிடைத்துவிட்டது. இனி அந்தப் பேச்சின் தொனிக்குச் சொல் வேண்டும். நம் பேச்சிலேயே அருமையான சொற்கள் இருக்கின்றன, விடைத்தாளில் எழுதக் கூச்சப்பட வேண்டாம். பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வதை வேறு யாரிடமோ சொல்வது ஜாடை. தெரிந்தும் தெரியாமலும் வைப்பது இலைமறை காய். விஷயத்தை முழுதாகத் திறக்காமல் மூடி மூடிச் சொல்வது பூடகம். நேராகச் சொல்லாமல் கோடி காட்டுவது சூசகம். சிரித்த முகத்தோடு காயப்படுத்துவது குத்தல். பேச்சுக்குள் வேறொன்றைச் செருகுவது பொடிவைத்துப் பேசுவது. புகழ்வது போல இகழ்ந்தால் வஞ்சப்புகழ்ச்சி. கயவர் தேவரைப் போன்றவர், இருவரும் நினைத்தபடி நடக்கிறார்களே என்ற குறள் அதற்குப் பேர்போனது. ஒரே சொல் இரண்டு பொருள் தந்தால் சிலேடை. "எனக்கு ஒரு மா இருக்கு" என்றால் நிலமா, மரமா?

மறைப்பதற்கான காரணத்துக்கும் நன்னூல் பெயர் வைத்திருக்கிறது. வெளியே சொல்லக் கூசுவதை மாற்றிச் சொன்னால் இடக்கரடக்கல். எங்கள் பக்கத்தில் "கொல்லைக்குப் போயிருக்கார்" என்பார்கள். அமங்கலத்தைத் தவிர்த்தால் மங்கலம். இறந்தவரை இறைவனடி சேர்ந்தார் என்பதும், விளக்கை அணை என்னாமல் குளிர வை என்பதும் இது. ஒரு கூட்டத்தாருக்குள் மட்டும் புரிவது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது இதற்குப் பழைய உதாரணம்.

ஒன்பதாம் படி: எழுதுங்கள்

வினைச்சொல்லில் கவனம் வையுங்கள். உவமை என்றால் 'ஒப்பிடுகிறார்' அல்லது 'உவமிக்கிறார்'. உருவகம் என்றால் 'உருவகிக்கிறார்'. தற்குறிப்பேற்றத்துக்கு 'ஏற்றிச் சொல்கிறார்'. உள்ளுறைக்கும் இறைச்சிக்கும் 'குறிப்பால் உணர்த்துகிறார்'. குறியீட்டுக்கு 'குறிக்கிறது'. "உருவகமாக ஒப்பிடுகிறார்" என்று எழுதினால் நீங்களே உங்களை மறுக்கிறீர்கள்.

போன வாரம் பலகையில் ஒரு வரி எழுதிப்போட்டேன்: "கடைமடை வயல் வானத்தைப் பார்த்து வாய் பிளந்து கிடந்தது." ஒரு பையன் முதலில் எழுதியது: "வறட்சியைக் கவிஞர் அழகாகக் குறியீடாக ஒப்பிட்டுள்ளார்." படிகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். நேர்ப்பொருள் என்ன? தண்ணீர் வராமல் நிலம் வெடித்திருக்கிறது. உருபு உண்டா? இல்லை. வாய் காட்சியில் நிஜமாக இருக்கிறதா? இல்லை, வெடிப்புதான் இருக்கிறது. வானத்தைப் பார்ப்பதற்குக் காரணம் சொல்லியிருக்கிறதா? யோசித்துவிட்டு, "இல்லைங்க சார், நாமதான் நினைச்சுக்கிறோம்" என்றான். அப்புறம் 'அழகாக' என்பதை அடித்துவிட்டு இப்படி எழுதினான்:

"நிலத்தின் வெடிப்பை வாயாக உருவகித்து, வயலுக்கு மனிதப்பண்பை ஏற்றியிருக்கிறார். பிளந்து கிடப்பது இரண்டுக்கும் பொதுத்தன்மை. அது தண்ணீர் கேட்கிறது என்று சொல்லவில்லை. ஆற்றைப் பார்க்காமல் வானத்தைப் பார்ப்பதால், ஆறு கைவிட்டுவிட்டது என்பதைக் குறிப்பால் உணர்த்துகிறார்."

அந்தக் கடைசி வாக்கியம் நான் யோசித்துப் பார்க்காதது.